ஒளிக்கோளங்களும் கேமராவின் சாட்சியமும்

1990களின் இறுதியில் கையடக்க டிஜிட்டல் கேமரா சாதாரணக் குடும்பங்களை எட்டியபோது, அதோடு சேர்ந்து ஒரு புதுவகைப் படமும் வந்தது. இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில், எடுத்த நேரத்தில் யார் கண்ணுக்கும் படாத வட்டங்கள் மிதந்தன. பெரும்பாலும் வெளிர் வெண்மை, சில நேரம் நீலம் அல்லது ஆரஞ்சு. உள்ளே மெல்லிய வளையங்கள், பின்னல் கோடுகள், உற்றுப் பார்த்தால் முகம் போலத் தோன்றும் நிழல்கள். கல்லறைத் தோட்டங்கள், பாழடைந்த கோட்டைகள், பிரார்த்தனைக் கூட்டங்கள், துக்க வீடுகள் என எங்கெங்கோ எடுத்த படங்களில் அவை தென்பட்டன. ‘ஆர்ப்’ என்று மேலைநாடுகளில் பெயர் பெற்ற இந்த ஒளிக்கோளங்களை இறந்தவர்களின் ஆவிகள் என்றும், தேவதைகள் என்றும், வேறொரு தளத்தில் வாழும் உயிர்கள் என்றும் பலர் நம்பத் தொடங்கினர். 2007-இல் ‘தி ஆர்ப் ப்ராஜெக்ட்’ என்ற நூல் வெளியானது. அதை எழுதிய இருவரில் கிளவுஸ் ஹைனமன் ஓர் இயற்பியலாளர். மீஹால் லெட்வித் அயர்லாந்தின் மேனூத் கல்லூரிக்குத் தலைவராக இருந்த இறையியலாளர். ஆகவே இதைப் படிப்பறியாதவர்களின் மயக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. கற்றவர்கள் கவனத்தோடு முன்வைத்த ஒரு கூற்று இது. கவனத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும்.

ஆவி உண்டா, இறப்புக்குப் பின் ஏதேனும் எஞ்சுகிறதா என்பது சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கு. அதை இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. எடுத்துக்கொள்ளும் கேள்வி அதைவிடச் சிறியது, தீர்க்கவும் கூடியது: இந்தப் படங்கள் எதற்குச் சாட்சி சொல்கின்றன? அவை சாட்சி சொல்வது கேமராவின் அமைப்புக்கு மட்டுமே என்பது என் முடிவு. ஒளியியல் இதற்கு வலுவான ஆதாரம் தருகிறது. அதற்கு முன்பே வரலாறு ஒன்றைக் காட்டிவிடுகிறது. புகைப்படக் கலை தோன்றியதிலிருந்து ‘ஆவிகள்’ படங்களில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் கருவி மாறிய ஒவ்வொரு முறையும் அவற்றின் உருவமும் மாறியிருக்கிறது.

1860களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மம்லர் என்ற நகைச் செதுக்கு வேலைக்காரர் தன்னைத் தானே எடுத்த படத்தில், இறந்துபோன உறவுப்பெண் ஒருத்தியின் உருவம் மங்கலாக நின்றதாக அறிவித்தார். உள்நாட்டுப் போரில் வீடு தோறும் பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மம்லரின் ஸ்டூடியோவுக்குக் கூட்டம் திரண்டது. ஆபிரகாம் லிங்கனின் விதவை மேரி டாட் லிங்கன் அமர்ந்திருக்க, கணவர் பின்னால் நின்று தோளில் கைவைத்திருப்பது போன்ற புகழ்பெற்ற படமும் அவர் எடுத்ததே. 1869-இல் நியூயார்க்கில் மோசடி வழக்கு நடந்தது. பின்னாளில் சர்க்கஸ் முதலாளியாகப் புகழ்பெற்ற பி. டி. பார்னம் வந்து எதிராகச் சாட்சி சொன்னார். ஆயினும் ஏமாற்றும் முறையை மெய்ப்பிக்க முடியாமல் மம்லர் விடுவிக்கப்பட்டார். அன்று படம் பதிந்தது கண்ணாடித் தகட்டில். ஒரே தகட்டை இருமுறை ஒளிக்குக் காட்டினாலோ, பழைய படத்தைச் சரியாகக் கழுவாமல் மீண்டும் பயன்படுத்தினாலோ, முன்னது புகைபோல ஊடுருவித் தெரியும். அதனால்தான் 19-ஆம் நூற்றாண்டின் ஆவிகள் முகத்தோடும் உடையோடும் தோளுக்குப் பின்னால் நின்றன. லண்டனில் பிரடெரிக் ஹட்சனிடம் 1874-இல் படம் எடுத்துக்கொண்டவர், டார்வினுக்கு இணையாக இயற்கைத் தேர்வைக் கண்ட ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். அதில் தெரிந்த உருவம் தம் தாயுடையதே என்று அவர் ஏற்றுக்கொண்டார். 1922-இல் ஹாரி பிரைஸ் என்ற ஆய்வாளர், எக்ஸ்ரே கொண்டு ரகசிய அடையாளம் இட்ட தகடுகளை வில்லியம் ஹோப் என்ற ஆவிப் படக்காரரிடம் கொடுத்தார். ‘ஆவி’ வந்த படத்தில் அந்த அடையாளம் இல்லை, தகடு மாற்றப்பட்டிருந்தது. அதன் பிறகும் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் ஹோப்பை விட்டுக்கொடுக்கவில்லை.

ஃபிலிம் சுருள் பரவலானபோது போர்வை போர்த்திய உருவங்கள் அருகின. பதிலுக்கு நீண்ட ஒளிக்கீற்றுகளும் சுழலும் வெண்புகையும் ‘ஆவி’ ஆயின. ஃபிளாஷ் வெளிச்சத்தில் லென்ஸுக்கு முன் தொங்கிய கேமரா வாரும், குளிர் இரவில் படமெடுப்பவர் விட்ட மூச்சும், பெட்டிக்குள் கசிந்த ஒளியும் அப்படித்தான் பதியும். டிஜிட்டல் கேமரா வந்தபின் அவையும் பின்வாங்க, வட்டங்கள் வந்தன. இன்று கண்காணிப்புக் கேமராக்களில் இரவு நேரத்தில் விர்ரென்று பறக்கும் வெண்ணுருண்டைகளைப் ‘பேய்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். லென்ஸைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள் பதித்த கேமராக்களில்தான் அவை மிகுதியாகத் தோன்றுகின்றன. ஒரு தனி உயிர், தன் விருப்பப்படி வெளிப்படக்கூடியது, ஒவ்வொரு காலத்திலும் அப்போதைய கருவியின் குறைபாட்டுக்குள் மட்டும் அடங்கி ஏன் தோன்ற வேண்டும்? இந்தக் கேள்விக்கு நம்புவோர் தரப்பிலிருந்து நிறைவான விடை வந்ததில்லை.

இனி வட்டம் எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்கலாம். நாம் மூச்சுவிடும் காற்றில் தூசி, மகரந்தம், துணி இழை, நீர்த்துளி எல்லாம் எப்போதும் மிதக்கின்றன. ஒரு துகள் கேமராவிலிருந்து 5 சென்டிமீட்டரிலும், படம் எடுக்கப்படும் ஆள் 3 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், அந்தத் துகள்மீது ஆள்மீது விழுவதைப்போல 3,600 மடங்கு செறிவான ஃபிளாஷ் ஒளி விழக்கூடும். லென்ஸோ 3 மீட்டருக்குக் குவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இவ்வளவு அருகிலுள்ள புள்ளி புள்ளியாகப் பதியாமல் விரிந்து வட்டாகப் பதிகிறது. வட்டின் அளவைக் கணக்கிடவும் செய்யலாம். கையடக்கக் கேமராவின் குவியத் தொலைவு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்; சென்சாரின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவே; லென்ஸின் ஒளித்துளை 2 மில்லிமீட்டர் சொச்சம். 5 சென்டிமீட்டரில் உள்ள துகளின் வட்டு சென்சாரில் கால் மில்லிமீட்டர் அகலம் கொள்ளும், அதாவது படத்தின் அகலத்தில் ஏறக்குறைய 4 விழுக்காடு. துகள் 2 சென்டிமீட்டருக்கு வந்தால் 10 விழுக்காடு. ஒளிக்கோளப் படங்களில் வழக்கமாகக் காணப்படும் அளவுகளும் இந்த வரம்பில்தான் இருக்கின்றன.

அப்படியானால் பழைய ஃபிலிம் கேமராக்களில் இவை ஏன் அரிதாக இருந்தன? தூசி அன்றும் இருந்ததே என்ற கேள்வி நியாயமானது. இதற்கும் கணக்கிலேயே விடை இருக்கிறது. குவியம் தவறிய துகளின் ஒளி எவ்வளவு பரப்பில் சிதறும் என்பது குவியத் தொலைவின் இருமடியைப் பொறுத்தது. அதே காட்சிக்கோணத்தைத் தர 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராவுக்கு 35 மில்லிமீட்டர் அளவிலான லென்ஸ் வேண்டும். மற்றவை சமமாக இருந்தால், அதில் அதே துகளின் வட்டு ஏறத்தாழ 34 மடங்கு மங்கலாக இருக்கும், பின்னணியோடு கரைந்துபோகும். டிஜிட்டல் யுகத்தின் சிறிய சென்சாரும் குட்டை லென்ஸும் அந்த வட்டைச் சுருக்கிப் பிரகாசமாக்கின. கேமராவின் உடல் சிறுத்ததால் ஃபிளாஷும் லென்ஸுக்கு மிக அருகில் வந்து, லென்ஸுக்கு நேர் முன்னுள்ள காற்றையே ஒளியூட்டியது. தொழில்முறைக் கேமராவில் ஃபிளாஷை உயர்த்தியோ பக்கவாட்டில் தள்ளியோ வைத்தால் ஒளிக்கோளங்கள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. கேனான், நிக்கான் நிறுவனங்கள் தங்கள் சிறு கேமராக்களுடன் தரும் கையேடுகளில், பழுது பார்க்கும் பக்கத்திலேயே இதைச் சொல்லியிருக்கின்றன: ஃபிளாஷ் படத்தில் வெண்புள்ளிகள் தோன்றினால், அது காற்றிலுள்ள துகள்களில் பட்டுத் திரும்பிய ஒளி.

இந்த விளக்கத்தை ஆவியுலகில் நம்பிக்கையற்றவர்கள் மட்டும் முன்வைத்ததாக எண்ணிவிடக் கூடாது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் கேரி ஷ்வார்ட்ஸ், இறப்புக்குப் பிந்தைய வாழ்வை ஆதரித்து ஆராய்ந்துவருபவர். அவரும் ஒளியியல் அறிஞர் கேத்தரின் கிரீத்தும் 2005-இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய படங்களுக்கு வழக்கமான ஒளியியல் விளக்கமே பொருந்துகிறது என்ற முடிவுக்கு வந்தது. பிரிட்டனில் அமானுஷ்ய நிகழ்வுகளை ஆராயும் ஸ்டீவன் பார்சன்ஸ் இன்னும் நேரடியான சோதனையைச் செய்தார். அதற்கு அவர் பயன்படுத்திய, ஃபியூஜிபிலிம் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட முப்பரிமாணக் கேமராவில் இரண்டு லென்ஸ்கள் சில சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரே கணத்தில் இரண்டு படங்கள் எடுக்கும். அறையின் நடுவே உண்மையான ஒளிக்கோளம் ஒன்று மிதந்தால் அது இரண்டு படத்திலும் இருந்தாக வேண்டும். ஆனால் ஒரு லென்ஸ் பதிவுசெய்த கோளத்தை அடுத்த லென்ஸ் பதிவுசெய்யவில்லை. கேமராவின் ஒரு கண்ணுக்கு மிக நெருக்கத்தில் இருக்கும் தூசி மட்டுமே இப்படி நடந்துகொள்ளும். எனக்குத் தெரிந்தவரையில் இந்தப் பிரச்சினையில் நடந்த சோதனைகளில் இதுவே மிகத் தெளிவானது. மறைப்பதற்கோ வாதிடுவதற்கோ இதில் இடமே இல்லை.

நம்புவோரின் மறுப்புகளில் சில உண்மையிலேயே கூர்மையானவை. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் கோளம் பெருந்தொலைவு நகர்ந்திருக்கிறது, தூசி அவ்வளவு வேகமாகப் பறக்குமா என்று கேட்கிறார்கள். இந்த வாதம் கோளம் தொலைவில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. மேற்சொன்ன கேமரா 30 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 30 மீட்டர் அகலத்தைப் பார்க்கும். அதை அரை நொடியில் கடந்த ஒன்று மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்திருக்க வேண்டும். ஆனால் 5 சென்டிமீட்டர் தொலைவில் அந்தக் கேமரா காணும் அகலமே 5 சென்டிமீட்டர்தான். மின்விசிறி ஓடும் அறையில் ஒரு தூசி அதை அரை நொடியில் கடப்பது இயல்பு. ஃபிளாஷ் மின்னும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே என்பதால் நகரும் தூசியும் கோடாக இழுபடாமல் அழகிய வட்டமாக உறைந்துவிடுகிறது. இன்னொரு மறுப்பு: சில படங்களில் கோளம் ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கிறது, லென்ஸுக்கு அருகிலுள்ள தூசி எப்படி ஆளுக்குப் பின்னால் போகும்? அந்தப் படங்களைப் பார்த்தால், கோளம் தெரியும் பாதி இருண்ட பின்னணியிலும், ‘மறைந்த’ பாதி வெள்ளைச் சட்டையிலோ வெளிச்சம் விழுந்த முகத்திலோ இருப்பது வழக்கம். ஏற்கெனவே ஒளி நிரம்பிய இடத்தில் மேலும் கொஞ்சம் மங்கிய ஒளி சேர்ந்தால் சென்சாருக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே கோளம் அங்கே வெட்டுப்பட்டதுபோலத் தோன்றுகிறது.

ஃபிளாஷே போடாத படத்திலும் வந்ததே என்பார்கள். வெயிலிலோ தெருவிளக்கிலோ ஒளிரும் நீர்த்துளி அதே வட்டைத் தரும். செல்போன் படங்களில் தோன்றும் பச்சை, நீலப் புள்ளிகள் வேறு வகை. சூரிய ஒளியோ விளக்கொளியோ லென்ஸின் கண்ணாடிகளுக்கிடையே பட்டுத் திரும்பி உண்டாக்கும் பிம்பங்கள் அவை. வெட்டாத முழுப்படத்தில் விளக்கிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், மறுபுறத்தில் ஏறத்தாழ அதே தொலைவில் அந்தப் புள்ளி நிற்கும். விளக்குகள் பல இருந்தால் புள்ளிகளும் பல, தலைகீழாக. கோளத்தின் வடிவமும் தன் பிறப்பைச் சொல்லிவிடுகிறது. லென்ஸின் துளை அறுகோணமாக இருந்தால் கோளமும் அறுகோணம். படத்தின் ஓரங்களில் அது பூனைக்கண்போல நசுங்குகிறது. உள்ளே தெரியும் முகங்களைப் பொறுத்தவரை, இரண்டு புள்ளியும் ஒரு கோடும் கிடைத்தால் முகமாக்கிக்கொள்வது மனித மூளையின் பழக்கம். தூசியின் கரடுமுரடான மேற்பரப்பும் துளையின் விளிம்பில் ஒளி வளைவதும் அந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் தாராளமாகவே தருகின்றன.

இவை எல்லாவற்றையும் கடந்து நிற்கும் ஒரு மறுப்பு உண்டு: ‘அழைத்தோம், வந்தது, பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டோம்.’ இதற்கு ஒளியியலில் விடையில்லை, வரலாற்றில் இருக்கிறது. 1875-இல் பாரிஸில் எத்துவார் பியுகே என்ற ஆவிப் படக்காரர் கைதானார். காவல்துறை அவருடைய ஸ்டூடியோவில் துணி சுற்றிய பொம்மையையும், மாற்றி மாற்றிப் பொருத்தும் தலைகளையும் கைப்பற்றியது. பியுகே தாம் செய்ததை ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் அந்தத் தலைகளைக் காட்டியபோது நடந்தது பெரும் துயரம். சாட்சிக்கூண்டில் ஏறியவர்கள் ஒருவர் பின் ஒருவராக, தாங்கள் கண்டது தங்கள் சொந்தங்களைத்தான் என்று உறுதியாகச் சொன்னார்கள். ஏமாற்றியவரே ஏமாற்றியதாகச் சொல்லியும் ஏற்கவில்லை. பியுகேவுக்கு ஓராண்டுச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. ஓர் உருவத்தை ‘அடையாளம் கண்டோம்’ என்பது அந்த உருவம் யாருடையது என்பதற்கு ஆதாரமாகாது என்பதை அந்த வழக்கு நிலைநாட்டியது. முகமே உள்ள பொம்மைக்கு அந்த நிலை என்றால், முகமற்ற ஒரு வட்டத்தில் எவரையும் காணலாம். அந்தச் சாட்சிகளைப் பேதைகள் என்று நான் சொல்ல மாட்டேன். இழந்தவர்கள் தேடுவார்கள், தேடுபவர்களுக்குக் கிடைத்ததை விட மனம் வராது. குற்றம், அந்தத் தேடலை விலைபேசியவரிடம் இருக்கிறது.

அப்படியானால் உலகில் தென்படும் விளங்காத ஒளிகள் எல்லாமே பொய்தானா? இல்லை, இங்கே ஒரு வேறுபாட்டைக் காக்க வேண்டும். ஒளிக்கோளங்களைக் கேமரா மட்டுமே கண்டது. கண்ணால் பலர் ஒன்றாகப் பார்த்த ஒளிகள் வேறு வகை. நம் ஊர்களில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லப்பட்டது அந்த வகைதான். சதுப்பிலும் தேங்கிய நீரிலும் எழும் வாயு எரிவதாக அதற்கு நெடுநாளாக விளக்கம் சொல்லப்படுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் பிரவுன் மலை ஒளிகளை 1922-இல் ஆராய்ந்த நிலவியல் துறை, அவற்றில் பாதியளவை கார் விளக்குகள் என்றும் மூன்றில் ஒரு பங்கை ரயில் விளக்குகள் என்றும் கணக்கிட்டது. நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கு இவற்றைவிடச் சிக்கலானது. 1981 முதல் 1984 வரை அங்கே வாரத்துக்குப் பல முறை விசித்திர ஒளிகள் காணப்பட்டன. எர்லிங் ஸ்ட்ராண்டும் தோழர்களும் பேய் என்றோ பொய் என்றோ முடிவுகட்டாமல் ரேடாரும் நிறமாலைக் கருவியும் கொண்டு கடுங்குளிரில் காவல் இருந்தார்கள். 1998-இல் தானியங்கி அளவீட்டு நிலையம் ஒன்றை நிறுவினார்கள். சில ஒளிகள் வாகன விளக்குகள் என்று தெரிந்தது. சிலவற்றுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம் இன்றும் இல்லை. விளங்காததை விளங்காததாகவே வைத்துக்கொண்டு அளந்துகொண்டிருக்கும் அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஒளிக்கோளப் புத்தகங்களில் நான் காணாதது அதுதான்.

கண்ணால் பலர் பார்த்த ஒளிக்கு நம் ஊரிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருவண்ணாமலையில் 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு ரமண மகரிஷி மறைந்தபோது, ஒளிவாலோடு ஓர் எரிவிண்மீன் மெல்ல வானைக் கடந்து அருணாசலத்தின் உச்சிக்குப் பின் மறைந்ததைப் பலர் பார்த்தனர். பார்த்தவர்களுள் ஒருவர் உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன். அந்நாட்களில் அவர் அங்கே தங்கியிருந்து படமெடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஒளியைப் பற்றி அவர் விட்டுச்சென்றது தாம் கண்ட திசையையும் நேரத்தையும் சொல்லும் வாக்குமூலம். அன்று வானில் ஓர் ஒளி கடந்தது என்பதைப் பலரின் கண் உறுதி செய்கிறது. அது எதைக் குறித்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை. நிகழ்ந்ததும் அதன் பொருளும் அங்கே தனித்தனியாக நிற்கின்றன. அந்த நம்பிக்கைக்குப் புகைப்பட ஆதாரம் தேவைப்படவில்லை. ஒளிக்கோளத்தை ஆவியென்று காட்டுபவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, நம்பிக்கையின் முழுப்பாரத்தையும் ஒரு தூசியின் தலையில் ஏற்றுகிறார்கள். தூசி என்று தெரிந்த நாளில் அந்த நம்பிக்கையும் அதோடு சரிகிறது. ஆன்மிகத்தின் மேல் அக்கறை உள்ளவர்களே முதலில் எதிர்க்க வேண்டியது இதைத்தான்.

யூடியூபிலும் தொலைக்காட்சியிலும் இத்தகைய படங்களைக் காட்டுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெட்டாத மூலப் படக்கோப்பைக் கேட்டுப் பெறுங்கள். ஃபிளாஷ் எரிந்ததா என்பது அதிலேயே பதிவாகியிருக்கும். அதே இடத்தில், அதே நேரத்தில், ஃபிளாஷை அணைத்து ஒன்றும் போட்டு ஒன்றுமாக எடுத்துப் பாருங்கள். முடிந்தால் இரண்டு கேமராக்களை அருகருகே வைத்து ஒரே கணத்தில் எடுங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் ஆகாது. இறந்தவரின் பெயரைச் சொல்லி ஒரு படத்தை அவர் குடும்பத்தாரின் கையில் கொடுக்கும் முன் இவ்வளவையாவது செய்யுங்கள்.